ஓட்டும் கையா, குதிரைத்திறனா, கராஜில் நிற்கும் பழைய வண்டியா: எதில் முதலில் இறங்குவது?

கார்ப் பித்து பிடித்த நாலு பேர் கூடினால் பேச்சு இந்த மூன்றில் ஒன்றில்தான் போய் நிற்கும். பவர் இல்லாத வண்டியை ஓட்டி என்ன சுகம் என்பார் ஒருவர். ஓட்டத் தெரியாதவன் கையில் 400 குதிரை இருந்தும் என்ன பயன் என்பார் அடுத்தவர். மூன்றாமவர் இருவரையும் பார்த்துச் சிரித்துவிட்டு, சொந்தக் கையால் கழற்றி மாட்டாத வண்டி எப்படிச் சொந்த வண்டியாகும் என்று கேட்பார். பேசிக்கொண்டே இருக்கலாம். ஆனால் சேமிப்பும் வார இறுதிகளும் ஒன்றுக்குத்தான் போதும் என்னும்போது முடிவெடுத்துத்தான் ஆக வேண்டும். வாரத்துக்கு 8 மணி நேரம் ஒதுக்க முடிந்தால் ஆண்டுக்குச் சுமார் 400 மணி நேரம் கையில் இருக்கும். அதை எதில் போடுவது?

எங்கள் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வேகமாகப் போவதுதான் ஆசை என்றால் ஓட்டக் கற்பது முதலில், பவர் கடைசியில். பழைய வண்டியைப் புதுப்பிப்பது இந்த வரிசையிலேயே வராது. அது வேறு ஆசை, அதற்கு வேறு கணக்கு.

ஒரு வளைவு, ஒரு நேர்பாதை

வாய்ச்சண்டையை விட்டுக் கணக்குக்கு வருவோம். ஒரு வளைவிலிருந்து 60 கி.மீ. வேகத்தில் வெளியேறி, 300 மீட்டர் நேர்பாதையில் முழு ஆக்சிலரேட்டரில் போகிறீர்கள். வேகமேற்றம் சராசரியாக வினாடிக்கு வினாடி 2.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் வேகம் ஏற ஏற இது குறையும். ஒப்பிடுவதற்கு இந்த எளிய கணக்கு போதும். நேர்பாதையைக் கடக்க 10.2 வினாடி ஆகும், கடைசியில் வேகம் 152 கி.மீ.

இப்போது எஞ்சினில் 10 சதவீதம் பவர் கூட்டுங்கள். நேரம் 9.9 வினாடிக்கு இறங்கும். பவரைத் தொடாமல், அதே வளைவிலிருந்து 65 கி.மீ. வேகத்தில் வெளியேறினாலும் கிட்டத்தட்ட அதே 9.9 வினாடிதான். நூலளவு குறைவாகவே வரும். வளைவுக்குள் மிச்சமான நேரம் இதில் சேரவில்லை.

இந்த 5 கி.மீ. எங்கிருந்து வரும்? 40 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 60 கி.மீ. வேகம் என்றால் டயர் மீது பக்கவாட்டில் 0.7 ஜி, அதாவது வண்டி எடையின் 0.7 மடங்கு விசை, விழுகிறது. 65 என்றால் 0.83 ஜி. நல்ல சாலை டயர், காய்ந்த தாரில் இதைத் தாங்கும். புதிதாக டிராக்குக்கு வருபவர்கள் பெரும்பாலும் 0.7 பக்கத்திலேயே நின்றுவிடுகிறார்கள். டயர் தரத் தயாராக இருக்கும் பிடிமானத்தை வாங்கிக்கொள்ளாமல், எஞ்சினுக்குச் செலவழிக்கக் கிளம்புகிறார்கள்.

பிரேக் விஷயம் இன்னும் சுவாரசியம். பவர் கூட்டிய வண்டி 158 கி.மீ. வேகத்தில் அடுத்த வளைவை எட்டுகிறது. அங்கே அதை 60-க்கு இறக்கும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஒவ்வொரு சுற்றிலும் 10 சதவீதம் கூடிவிடுகிறது. திறமையால் வேகம் சேர்த்த வண்டி 154-லிருந்து 65-க்குத்தான் இறங்குகிறது. அதன் பிரேக்குக்குப் பழைய சுமைதான், அணு அளவும் கூடவில்லை. பவரை வாங்கினால் அதைக் கட்டுப்படுத்தும் பாகங்களையும் சேர்த்து வாங்க வேண்டியிருப்பது இதனால்தான்.

இந்த வாதத்தில் திறமைக் கட்சிக்காரர்கள் தவறாமல் இழுக்கும் சாட்சி, 1964 மான்டே கார்லோ ரேலி. பேடி ஹாப்கிர்க் ஓட்டிய 1071 சிசி மினி கூப்பர் எஸ், வி8 எஞ்சின் ஃபோர்டு ஃபால்கனைப் பின்னுக்குத் தள்ளி வென்றது உண்மை. ஆனால் அந்த ரேலியில் எஞ்சின் அளவுக்கேற்ப நேரத்தைச் சமன்செய்யும் விதி இருந்தது, அது சின்ன வண்டிக்குச் சாதகம். பனிச் சாலையில் முன்சக்கர இழுவையும் கைகொடுத்தது. பாதி சாட்சியை மறைத்துவிட்டு வாதாடினால் எதிர்க்கட்சி சும்மா விடாது.

பவர் வாங்கப் போனால் என்னவெல்லாம் கூட வரும்

டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கும் கருவி) இல்லாத எஞ்சினில் ஏர் ஃபில்டர், எக்ஸாஸ்ட், ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) டியூனிங் மூன்றும் சேர்ந்து 5 முதல் 10 சதவீதம் தந்தால் பெரிது. மிச்சமெல்லாம் சத்தம். டர்போ எஞ்சினில் டியூனிங் மட்டுமே 20, 30 சதவீதம் தரும். பூஸ்டை, அதாவது டர்போ தரும் காற்றழுத்தத்தை, ஏற்ற அங்கே இடமிருக்கிறது. முதலில் அடி வாங்குவது கிளட்ச். நாலாவது கியரில் 2000 ஆர்பிஎம்மிலிருந்து ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துப் பாருங்கள். ஆர்பிஎம் முள் சட்டென்று ஏறி, வண்டி வேகம் கூடவே ஏறவில்லையென்றால் கிளட்ச் வழுக்குகிறது.

டர்போ இல்லாத எஞ்சினுக்கு டர்போ மாட்டுவது வேறு ஜாதி வேலை. 10:1-க்கு மேல் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் கலவையை அழுத்தும் விகிதம்) உள்ள எஞ்சினில் பூஸ்ட் ஏற்றினால், தீப்பொறியிலிருந்து பரவும் தீ வந்து சேருமுன்பே மிச்சமுள்ள பெட்ரோல் கலவை தானாக வெடிக்கத் தொடங்கும். நாக்கிங் என்பது இதுதான். முதல் ரிங்குக்கும் இரண்டாம் ரிங்குக்கும் நடுவில் உள்ள பிஸ்டன் பகுதி மெல்லியது, பெரும்பாலும் அங்கேதான் விரிசல் விடும். முழுச் சுமையில் காற்று-பெட்ரோல் விகிதம் 12:1 பக்கம் இருக்க வேண்டும். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குத் திராணியில்லாமல் 13, 14 என்று ஏறினால் சூடு எகிறும். இன்ஜெக்டர் 85 சதவீத நேரத்துக்கு மேல் திறந்தே இருக்கிறதென்றால் பெரியது மாட்டும் நேரம் வந்துவிட்டது. ஸ்பார்க் பிளக்கை ஒரு படி குளிர்ந்த வகைக்கு மாற்றி, இடைவெளியை 0.7 மி.மீ. அளவுக்குக் குறைக்க வேண்டும். இல்லையென்றால் அழுத்தத்தில் தீப்பொறி அணையும்.

டைனோ (பவரை அளக்கும் இயந்திரம்) சீட்டைக் காட்டிப் பெருமை பேசுபவர்களிடம் கேட்க வேண்டியவை இரண்டு. சக்கரத்தில் அளந்ததா, எஞ்சினில் இருக்குமென்று கணக்குப் போட்டதா? முன்னும் பின்னும் அளந்தது ஒரே இயந்திரத்திலா? இந்த இரண்டுக்கும் பதில் இல்லாத எண்ணுக்கு மதிப்பு இல்லை. உச்ச எண்ணை மட்டும் பார்ப்பதும் ஏமாற்றும். பவர் என்பது டார்க்கையும் (எஞ்சினின் முறுக்கு விசை, நியூட்டன் மீட்டரில்) ஆர்பிஎம்மையும் பெருக்கி 9549-ஆல் வகுத்தால் வரும் கிலோவாட். 6500 ஆர்பிஎம்மில் உச்சம் கூடி, 3000-லிருந்து 5000 வரை டார்க் குறைந்திருந்தால், அந்த வண்டி ஓட்டத்தில் மந்தமாகிவிட்டது என்றுதான் பொருள்.

உச்ச வேகத்துக்காகப் பவர் வேண்டும் என்பவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் பவர் வேகத்தின் முப்படியாக ஏறுகிறது. பவரை இரண்டு மடங்காக்கினாலும் உச்ச வேகம் ஏறத்தாழ 26 சதவீதம்தான் கூடும்.

பவருக்குப் போகுமுன் தராசைப் பாருங்கள். 1000 கிலோ வண்டியில் 100 கிலோவைக் குறைத்தால் வேகமேற்றத்தில் 11 சதவீதப் பவர் கூட்டியதற்குச் சமம். பிரேக்கும் டயரும் அதோடு சேர்ந்து இளைப்பாறும். எந்த எஞ்சின் பாகமும் இந்த இரட்டை லாபத்தைத் தராது.

கையும் காலும் பழக

திறமை என்றால் பிறவிக் கொடை என்று நினைப்பவர்கள் நிறைய. பெரும்பகுதி பயிற்சிதான், அதிலும் உட்காரும் விதத்திலிருந்தே தொடங்குகிறது. முதுகை சீட்டில் பதித்துக் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல் விளிம்பில் படிய வேண்டும். கிளட்சை முழுக்க மிதித்த நிலையிலும் முழங்கால் சற்று மடிந்திருக்க வேண்டும். இந்த இரண்டும் சரியில்லாமல் மற்றதைக் கற்றுத்தர முடியாது.

போகும் இடமும் வரிசையாக இருக்கட்டும். முதலில் அனுமதி பெற்ற காலி மைதானத்தில் கூம்புகளுக்கிடையே வளைந்து ஓட்டுவது. அடுத்து நீர் தெளித்த தளம். பிறகுதான் டிராக். பொதுச்சாலை இந்தப் பட்டியலில் இல்லை. நீர்த்தளத்தை யாரும் தாண்டிக் குதிக்க வேண்டாம். வழுக்கும் தரையில் 40 கி.மீ. வேகத்திலேயே வண்டியின் வால் விலகுவதை உடம்பால் உணரலாம். தப்பு செய்தால் ஒரு சுழற்சியோடு போகும்.

புதியவர்களின் தப்பு ஏறக்குறைய எல்லாருக்கும் ஒன்றே. பிரேக்கைச் சீக்கிரமாகவும் மெதுவாகவும் மிதிப்பது, பிறகு ஒன்றும் செய்யாமல் உருண்டுபோவது, வளைவுக்குள் அவசரமாகத் திருப்புவது. சீக்கிரம் திருப்பியவருக்கு வளைவின் முடிவில் பாதை தீர்ந்துவிடும். பயத்தில் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விடுவார். எடை முன்னால் சாயும், பின்டயர் லேசாகும், வால் வெளியே வரும். வண்டிமீது பழி விழும். நிமிர்ந்த நிலையில் பலமாக மிதித்து, திருப்பத் தொடங்கும்போது பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதுதான் சரி. டயரிடம் இருப்பது ஒரே அளவு பிடிமானம். பிரேக்குக்குக் கொடுத்தது போக மிச்சம்தான் வளைவுக்கு.

வேகம் சிறிது கூடினாலும் நிற்கும் தூரம் எவ்வளவு கூடும் என்பதையும் மனத்தில் வையுங்கள். 0.9 ஜி பிடிமானத்தில் 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க ஏறத்தாழ 44 மீட்டர். 110 என்றால் 53 மீட்டர். வேகம் 10 சதவீதம் ஏறினால் தூரம் 21 சதவீதம் ஏறுகிறது.

பயிற்சிக்கு வண்டியில் கட்டாயம் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். முதலாவது பிரேக் ஃப்ளூயிட். புதிய டாட் 4 ஃப்ளூயிட் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிவிட்டால் இந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கலாம். டிராக்கில் மூன்றாவது சுற்றில் பெடல் தரையைத் தொடுவது பெரும்பாலும் இதனால்தான். பழையதை முழுக்க வெளியேற்றிப் புதியது ஊற்றுங்கள். சிலிகான் வகையான டாட் 5-ஐ மட்டும் மற்றவற்றோடு கலக்கக் கூடாது. அடுத்தது டயர். பக்கச் சுவரில் உள்ள நாலு இலக்கத்தில் 3219 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் ஆழமாக இருந்தாலும் வயதான ரப்பர் இறுகிப்போயிருக்கும். ஓடிச் சூடானபின் காற்றழுத்தம் 5 முதல் 8 பிஎஸ்ஐ ஏறும், அளந்து இறக்குங்கள். சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சில் மட்டுமே முறுக்குங்கள். ஓடி முடித்ததும் ஒரு சுற்று பிரேக் தொடாமல் மெதுவாக வந்து ஆற விடுங்கள். சூடான வண்டியை நிறுத்திவிட்டு ஹேண்ட் பிரேக்கை இழுக்காதீர்கள், கியரில் போட்டுவையுங்கள்.

முன்னேற்றத்தை அளக்க நொடிக்கு 10 முறை பதிவு செய்யும் ஜிபிஎஸ் கருவி ஒன்று போதும். மொத்த நேரத்தைவிட ஒவ்வொரு வளைவிலும் இறங்கிய குறைந்தபட்ச வேகத்தைப் பாருங்கள். எங்கே பயப்படுகிறீர்கள் என்று அது காட்டிக்கொடுத்துவிடும். வீட்டில் சிமுலேட்டர் இருந்தால் பாதையும் பிரேக் புள்ளிகளும் மனப்பாடமாகும். உடம்பில் விழும் சுமையை அது சொல்லித் தராது.

கற்க எந்த வண்டி என்றால், குறைந்த பவர் வண்டிதான். 1989-இல் வந்த முதல் மாஸ்டா எம்எக்ஸ்-5 சுமார் 115 குதிரைத்திறனும் 1000 கிலோவுக்குக் குறைந்த எடையும் கொண்டது. வளைவில் வேகத்தைத் தொலைத்தால் நேர்பாதையில் அதை மீட்க எஞ்சினுக்குத் திராணி கிடையாது, எனவே தப்பு உடனே உறைக்கும். 400 குதிரை வண்டியில் அடுத்த நேர்பாதை அந்தத் தப்பை மூடிவிடும், ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது.

கராஜ் வழி

பழைய வண்டியைப் புதுப்பிக்கும் ஆசையை வேகத்தோடு ஒப்பிடுவதே தவறு. வேலை செய்வதே சுகம் என்பவருக்கான வழி இது. வண்டி ஓட வேண்டும் என்ற அவசரம் உள்ளவர் இதில் இறங்கினால் பாதியில் நிற்கும், அநேகமாகக் கழற்றிப் பரப்பிய நிலையில். கழற்ற நாற்பது மணி நேரம் போதும். அடிச்சட்டம் வரை பிரித்து, துரு நீக்கி, வண்ணம் பூசி, மாட்டி முடிக்க ஆயிரம் மணி நேரத்தைத் தாண்டுவது சாதாரணம். நம் 400 மணி நேரக் கணக்கில் இது இரண்டரை ஆண்டு.

ஆகவே முதல் முடிவு, முழுக்கப் பிரிப்பதா அல்லது ஓட்டிக்கொண்டே பகுதி பகுதியாகச் செய்வதா என்பது. முதல் முறை செய்பவருக்கு இரண்டாவதுதான் எங்கள் பரிந்துரை. ஒரு நேரத்தில் ஒரு அமைப்பு: பிரேக், பிறகு பெட்ரோல் லைன், பிறகு கூலிங், பிறகு வயரிங். ஒவ்வொன்றும் முடிந்ததும் வண்டி திரும்ப உருள வேண்டும். அடித்தகடு அரித்துப்போன வண்டிக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை.

வாங்கும்போது எஞ்சினைவிட பாடியைப் பாருங்கள். எஞ்சின் போல்ட்டில் நிற்கும் பொருள், வேறொன்று கிடைக்கும். துருவுக்கு எல்லை தெரியாது. ஜாக் வைக்கும் இடம், கதவுக்குக் கீழுள்ள பெட்டிச் சட்டம், சக்கர வளைவின் உட்புறம், முன் கண்ணாடியின் கீழ் மூலைகள், சஸ்பென்ஷன் மாட்டும் இடங்கள், தரைவிரிப்புக்கு அடியில் தரைத்தகடு, இந்த இடங்களை ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். மெல்லிய துணி சுற்றிய சின்னக் காந்தம் ஓரிடத்தில் ஒட்டாமல் வழுக்கினால் அங்கே பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள்.

ஆண்டுக்கணக்கில் நின்ற எஞ்சினை ஸ்டார்ட்டர் மோட்டாரால் சுற்றிப் பார்ப்பது பெரும் பிழை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துளைகளில் ஊடுருவும் எண்ணெய் ஊற்றி, சில நாள் விட்டு, கிராங்க்ஷாஃப்ட் நட்டில் நீளக் கைப்பிடி மாட்டி மெல்ல இரண்டு பக்கமும் அசையுங்கள். சுற்றத் தொடங்கியபின் ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் அழுத்தத்தை அளந்து பாருங்கள். எல்லா பிளக்கும் கழற்றியிருக்க வேண்டும், த்ராட்டில் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். சிலிண்டர்களுக்கிடையே 10, 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால், குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளங்கள். எண் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லையென்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டரும் சேர்ந்து குறைந்திருந்தால் கேஸ்கெட்தான் என்று ஏறக்குறைய நம்பலாம்.

தகட்டு வேலையில் கெடுவது அவசரத்தால். கதவுக்குக் கீழ்ச் சட்டத்தை வெட்டுமுன் கதவுத் துவாரத்தின் மூலைவிட்டங்களை அளந்து குறித்து, குறுக்கே இரும்புக் குழாய் வைத்துப் பற்றவைக்க வேண்டும். இதைச் செய்யாமல் வெட்டிய வண்டி நடுவில் தொய்யும். புதுத் தகட்டை வைத்து முடித்தபின் கதவு சாத்தாது. பாடித் தகடு 0.8 முதல் 1 மி.மீ. தடிமன்தான். மிக் (MIG) வெல்டிங்கில் 0.6 மி.மீ. கம்பி போட்டு, 25 மி.மீ. தள்ளித் தள்ளிப் புள்ளி வைத்து, இடம் மாறி மாறி நிரப்புங்கள். தொடர்ந்து ஓட்டினால் தகடு அலையாக நெளியும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டிங் வைத்தால் ஃபாஸ்ஜீன் நச்சுவாயு வரும், உயிருக்கே ஆபத்து. துடைக்க அசிட்டோன் எடுத்து, அதுவும் முழுக்க உலர்ந்தபின் தொடங்குங்கள்.

சின்னப் பாகங்களின் துருவுக்கு மின்பகுப்பு நல்ல வழி. தண்ணீரில் சலவைச் சோடா, 12 வோல்ட் சார்ஜர், எதிர்மின் முனையில் பாகம், நேர்மின் முனையில் வீண் இரும்பு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை அங்கே வைக்காதீர்கள், நச்சுக் குரோமியம் கரையும். ஹைட்ரஜன் கிளம்புவதால் திறந்த வெளியில் செய்ய வேண்டும்.

பட்டி 3 மி.மீ.க்கு மேல் போனால் தகட்டை இன்னும் தட்டி நிமிர்த்தவில்லை என்று பொருள். எடையில் 2 சதவீதம் ஹார்டனர் போதும். கூடினால் பின்னாளில் வண்ணத்தின் மேல் கறை தெரியும். பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்க்கக் கூடாது, அது ஈரத்தைக் குடித்துவைக்கும். 80 கிரிட் உப்புத்தாள், 180 கிரிட், ப்ரைமர், பிறகு 400, 600 என்று போங்கள். கடைசி வண்ணப் பூச்சை மட்டும் வெளியே கொடுத்துவிடுவது நல்லது. ஹார்டனர் கலந்த 2கே பெயிண்டில் ஐசோசயனேட் இருக்கிறது. அதற்கு வெளிக்காற்றுக் குழாய் வைத்த முகமூடி வேண்டும், சாதாரண முகமூடி காப்பாற்றாது.

பழைய வண்டிகளில் யாரும் சந்தேகிக்காத ஒன்று, பிரேக்கின் ரப்பர் ஹோஸ். வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே வீங்கி அடைத்திருக்கும். மிதித்தால் பிடிக்கும், விட்டால் விடாது. காலிப்பரைக் குறை சொல்லி மாற்றிக்கொண்டே இருப்பார்கள். நாலு ஹோஸையும் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். அடியில் போகும்போது ஜாக்கை நம்பாமல் இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் வைத்து, தள்ளி ஆட்டிப் பார்த்தபின் படுங்கள்.

யாருக்கு எது

சேமிப்புத் திரும்பி வருமா என்று பார்ப்பவருக்குப் பதில் கசப்பு. பவர் பாகங்களுக்குக் கொடுத்த காசு விற்கும்போது வருவது அரிது, வாங்குபவர் அதை அபாயமாகத்தான் பார்ப்பார். வீட்டில் புதுப்பித்த வண்டியில் உங்கள் மணி நேரத்துக்கு யாரும் விலை போடமாட்டார்கள். ஓட்டக் கற்றது மட்டும் வண்டி மாறினாலும் கூடவே வரும்.

பயிற்சியில் இருபது நாளாவது கழித்து, பதிவுக் கருவியில் வளைவு வேகங்கள் அசையாமல் நின்றுவிட்டன, நேர்பாதையில் மட்டும் பின்தங்குகிறீர்கள் என்றால் பவருக்குப் போகலாம். அப்போதும் டயர், பிரேக், கூலிங் என்று வந்து கடைசியில் எஞ்சின். இரவில் தனியாகப் பாகம் துடைப்பதில் நிம்மதி காண்பவர், ஓட்டம் தள்ளிப்போனாலும் வருந்தாதவர், மூடிய இடமும் பொறுமையான வீட்டாரும் உள்ளவர் கராஜ் வழி போகலாம். இரண்டும் வேண்டும் என்றால் ஓடும் ஒரு சாதாரண வண்டியைப் பயிற்சிக்கு வைத்துக்கொண்டு பழையதைத் தனியே செய்யுங்கள். ஒரே வண்டியை இரண்டுக்கும் நம்பினால் இரண்டும் நடக்காது.

புதுப்பித்த வண்டியையே பிறகு டிராக்குக்குக் கொண்டுபோக நினைப்பவர் நேராக அங்கே போகக் கூடாது. முதலில் வீட்டைச் சுற்றி 5 கி.மீ. திரும்பி வந்து சக்கர மையத்தைத் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அங்கே பிரேக் விடவில்லை அல்லது பேரிங் இறுகியிருக்கிறது. 50 கி.மீ. ஓடியபின் சக்கர நட்டுகளையும் சஸ்பென்ஷன் போல்ட்டுகளையும் மறுபடி முறுக்கி, அடியில் அட்டை விரித்து இரவு முழுக்க எது சொட்டுகிறது என்று பாருங்கள். 500 கி.மீ.க்கு ஆயிலை மாற்றி, பழைய ஆயிலைக் காந்தத்தால் துழாவுங்கள். பொடிப் பொடியான சாம்பல் நிறப் பசை வந்தால் பரவாயில்லை. நகக்கண்ணில் பிடிக்கும் அளவுக்குத் துகள் வந்தால் டிராக் நாளைத் தள்ளிப்போட்டு, ஆயில் பேனைக் கழற்றுங்கள்.